எறும்பு கூட போக முடியாத வீடு: எட்டாங்கிளாஸ் பசங்களோட ஆறு சனிக்கிழமை பூகம்பம்

மொத ரவுண்டுல ஜெயிச்ச வீட்டுக்குள்ள ஒரு எறும்பு கூட போக முடியாதுங்க. மூணு மாடி, ஈர்க்குச்சியில கட்டினது, கீழ்த்தளம் பூரா குச்சியை விறகுக்கட்டு மாதிரி அடுக்கி அதுமேல அரை டப்பா ஃபெவிகாலை ஊத்தி வெயில்ல காயவெச்சு தூக்கிட்டு வந்திருந்தாங்க. எவ்ளோ ஆட்டினாலும் அசையல. நான் போட்ட ரூல்படி அவங்கதான் வின்னர், எல்லாரும் கைதட்டி பென்சில் பாக்ஸ் பரிசும் குடுத்தாச்சு. பைக்ல வீட்டுக்கு வர்ற வழியிலதான் எனக்கு உறைச்சுது, நான் இன்னிக்கு இந்தப் பசங்களுக்கு சொல்லிக்குடுத்தது பூகம்பத்துக்கு வீடு கட்டறதை இல்ல, செங்கல் அறுக்கறதை.

ஸ்கூல் பசங்க குச்சியில வீடு கட்டி, ஆடற மேஜை மேல வெச்சு, பூகம்பம் மாதிரி ஆட்டிப் பாக்கற போட்டி அது. அந்தத் தப்பு எப்படி வந்துச்சு, அதை எப்படி சரி பண்ணோம், பண்றப்போ பசங்க எனக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு எல்லாத்தையும் எழுதி வெக்கறேன், ஏன்னா இதே மாதிரி ஸ்கூல்ல பண்ணணும்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி மாளல.

நான் டீச்சர் கிடையாது, சைட் இன்ஜினியர். கோயம்புத்தூர்ல எங்க ஏரியாவுல இருக்கற ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர் கூப்ட்டாங்க, ஏழு எட்டு படிக்கற பசங்க 32 பேர், சனிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம், "ஏதாச்சும் கையால செய்யற மாதிரி பண்ணுங்க சார், போர்டுல எழுதிப்போடாதீங்க"ன்னு ஒரே கண்டிஷன். அஞ்சு வாரம்னு பிளான் பண்ணேன், ஆறாயிடுச்சு.

மொத நாள் மொத கேள்வியே, "சார், நம்மூர்லதான் பூகம்பமே வராதே, அப்புறம் எதுக்கு?" நல்ல கேள்விதான். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி இதே கோயம்புத்தூர் பக்கம் வந்திருக்குடா, ரிக்டர்ல ஆறு கிட்டன்னு சொன்னதும் கிளாஸ் கொஞ்சம் நிமிர்ந்துச்சு. இந்தியாவோட பூகம்ப மேப்பை ஒட்டி வெச்சேன், 2002-ல வந்த ஐஎஸ் 1893 கோடுல (பூகம்பம் தாங்கற மாதிரி கட்டறதுக்கான இந்திய விதிப்புத்தகம்) இருக்கற மேப், ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் நாலு ஸோன், கோயம்புத்தூர் மூணாவது ஸோன். சென்னை அதுக்கு முன்னாடி ரெண்டுல இருந்துச்சு, அந்த மேப்லதான் மூணுக்கு ஏத்தினாங்க. 2001 செப்டம்பர் 25 ராத்திரி பாண்டிச்சேரிக்கு வெளிய கடல்ல அஞ்சரை அளவுல ஒன்னு வந்து சென்னைக்காரங்க தெருவுக்கு ஓடி வந்ததை அவங்க அப்பா அம்மாகிட்ட கேட்டா யாராவது சொல்லுவாங்கன்னேன். ஒரு பையனோட மாமா அப்போ மயிலாப்பூர்ல இருந்தாராம், அடுத்த வாரம் ஃபேன் ஆடின கதையோட வந்தான்.

ஆனா நான் எடுத்துக்கிட்ட கேஸ் குஜராத். 2001 ஜனவரி 26 காலைல 8:46, கட்ச் பக்கம், 7.7 அளவு, சுமார் 13,800 பேர் போயிட்டாங்க. அஞ்சார்ங்கிற ஊர்ல குடியரசு தின ஊர்வலம் போயிட்டிருந்த ஸ்கூல் பசங்க மேல குறுகலான தெருவுல ரெண்டு பக்க கட்டடமும் சரிஞ்சு 185 மாணவர்களும் 20 டீச்சருங்களும் இறந்தாங்க. இதை பன்னெண்டு வயசுப் பசங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு டீச்சரும் நானும் ரொம்ப நேரம் பேசினோம். போட்டோ காட்டக்கூடாது, ஆனா சொல்லணும்னு முடிவு பண்ணோம், அவங்க வயசுப் பசங்க, கொடி புடிச்சிட்டு போனவங்க. சொல்லி முடிச்சதும் ஒரு நிமிஷம் யாரும் பேசல, அப்புறம் பின்னாடி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு கேட்டா, "பூமி அவங்கள ஒன்னும் பண்ணல இல்ல சார், வீடுதானே பண்ணுச்சு?" அந்த ஒரு கேள்வியை வெச்சுத்தான் மிச்ச வாரம் எல்லாம் ஓடுச்சு.

மேஜை

ஆட்ற மேஜை செய்ய செலவு அதிகமில்ல, ஆனா நாலு தடவ மாத்தினேன். ரெண்டு ப்ளைவுட் பலகை, நடுவுல கோலிக்குண்டு, மேல் பலகையை ரெண்டு பக்கமும் சைக்கிள் ட்யூப் கட்டி இழுத்து வெச்சு கையால தள்ளினா ஆடும், இதுதான் எல்லாரும் செய்யறது. பிரச்சனை என்னன்னா ஒவ்வொரு டீமுக்கும் ஒவ்வொரு மாதிரி தள்ளுவோம், "எங்களுக்கு மட்டும் வேகமா ஆட்டினீங்க"ன்னு சண்டை வரும், அது நியாயமான சண்டையும் கூட.

அதனால கார்பென்டர் ஒருத்தர்கிட்ட சொல்லி ஒரு மரச்சக்கரம் பண்ணேன், கைப்பிடி வெச்சு சுத்தறது, மையத்துல இருந்து ஒன்னேகால் சென்டிமீட்டர் தள்ளி ஒரு போல்ட், அந்த போல்ட்ல இருந்து ஒரு பட்டை மேல் பலகைக்கு. ஒரு சுத்து சுத்தினா பலகை ரெண்டரை சென்டிமீட்டர் போயிட்டு வரும், கூடவும் போகாது குறையவும் போகாது. வேகத்துக்கு போன்ல மெட்ரனோம் ஆப், பாட்டு கிளாஸ்ல தாளத்துக்கு வெப்பாங்களே அதே. டிக் ஒன்னுக்கு ஒரு சுத்து. நிமிஷத்துக்கு 60 டிக்ல சுத்தினா 100 கிராம் மணல் பாக்கெட்டை பக்கவாட்டுல ஒரு 5 கிராம் இழுத்தா எப்படி இருக்குமோ அந்த அளவுக்குத்தான் உதறும், 120-ல அது 20 கிராம், 180-ல 45 கிராம். வேகம் ரெண்டு மடங்கு ஆனா உதறல் நாலு மடங்குன்னு எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் நான் சொல்றதுக்கு முன்னாடியே அந்த நம்பர்களைப் பாத்தே கண்டுபுடிச்சுட்டான்.

இன்னொன்னும் கணக்கு போட்டு மெட்ரனோம் மேல ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்த 2002 கோடுல மூணாவது ஸோனுக்கு 0.16, அஞ்சாவது ஸோனுக்கு 0.36னு ஒரு நம்பர் இருக்கு, வரக்கூடிய பெரிய ஆட்டத்துல தரை எவ்ளோ உதறும்ங்கறதோட கணக்கு. என் மேஜையில அது 107-உம் 160-உம். அதனால 107-க்கு பேரு கோயம்புத்தூர், 160-க்கு பேரு கட்ச். (சின்ன மாடலுக்கும் நிஜ பில்டிங்குக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதை பசங்ககிட்டயும் சொல்லிட்டேன், ஆனா "சார் கோயம்புத்தூர் வேணாம், கட்ச் வைங்க"ன்னு அவங்க கத்தற உற்சாகம் எனக்கு தேவையா இருந்துச்சு.)

குச்சியை குச்சியோட சேக்கறதுக்கு சைக்கிள் வால்வ் ட்யூப், காத்தடிக்கற வால்வ் மேல மாட்டற மெல்லிசான ரப்பர் குழாய். இது என் ஐடியா இல்ல, பொம்மை செஞ்சு சயின்ஸ் சொல்லிக்குடுக்கற அரவிந்த் குப்தா பல வருஷமா தீக்குச்சியையும் வால்வ் ட்யூப்பையும் வெச்சு பசங்களுக்கு செஞ்சு காட்டறது. ரெண்டு சென்டிமீட்டர் துண்டா வெட்டி ரெண்டு பக்கமும் ஈர்க்குச்சி சொருகினா ஒரு மூட்டு ரெடி, மூணாவது குச்சிக்கு நடுவுல முள்ளால ஒரு ஓட்டை. இப்போ வர்ற நிறைய சைக்கிள்ல அந்த வால்வே இல்ல, பழைய சைக்கிள் கடையில தாத்தா ஒருத்தர் டப்பாவோட குடுத்துட்டாரு, யார் வாங்கறாங்க இப்போன்னு சொல்லி. ஈர்க்குச்சி வீட்டு வெளக்கமாறுதான், அம்மாக்கள்கிட்ட திட்டு வாங்கினது என் கணக்குல சேராது.

நாலு குச்சியில ஒரு சதுரம் பண்ணச் சொன்னேன். மேல ஒரு விரல் வெச்சு பக்கவாட்டுல தள்ளினா சாய்ஞ்சு படுத்துடும். மூணு குச்சியில முக்கோணம், எப்படி தள்ளினாலும் முக்கோணம் முக்கோணமாவே நிக்கும், குச்சி உடையணும் இல்ல ட்யூப் கழலணும். சதுரத்துக்கு குறுக்க ஒரே ஒரு குச்சி போட்டதும் அது நிமிர்ந்து நின்னப்போ கிளாஸ்ல ஒரு "ஓ" கேட்டுச்சு பாருங்க, அதுக்காகவே போகலாம்.

பூகம்பம்னா என்ன விசைன்னு விளக்கறதுக்கு பஸ் போதும். டவுன் பஸ் சடார்னு கெளம்பினா நிக்கறவங்க பின்னாடி சாயறோம், யாரும் நம்மள தள்ளல, காலு பஸ்ஸோட போயிடுச்சு, தலை இருந்த எடத்துலயே நிக்கப் பாக்குது. வீட்டுக்கும் அதேதான். அப்போ தலை கனமா இருந்தா? "மாடில தண்ணி டேங்க் சார்!" ஆயிரம் லிட்டர் டேங்க்னா ஒரு டன், அடுத்த சனிக்கிழமை ஏழெட்டு பேர் அவங்கவங்க தெருவுல டேங்க் எண்ணிட்டு வந்துட்டாங்க, நான் ஹோம்ஒர்க்கே குடுக்கல.

ரெண்டாவது வாரம் ஹேக்ஸா பிளேடு. ஒரே பலகையில மூணு பிளேடை மூணு உயரத்துல நட்டு உச்சியில ஒரே அளவு களிமண் உருண்டை ஒட்டினேன், எதுக்கு மொதல்ல ஆட்டம் வரும்னு கேட்டா 32 பேரும் உயரமானதுதான்னாங்க. மெதுவா சுத்தினேன், உயரமானது ஆடுச்சு, எல்லாரும் ஜெயிச்ச மாதிரி கத்தினாங்க. வேகத்தை கூட்டினேன், உயரமானது அடங்கி நடுவுல இருக்கறது பேய் பிடிச்ச மாதிரி ஆட ஆரம்பிச்சுது. இன்னும் கூட்டினா குட்டை. ஊஞ்சல் தள்ளறவங்களுக்கு இது தெரியும், சரியான நேரத்துல தள்ளினா சின்னப் புள்ளை தள்ளினாலும் ஊஞ்சல் மேல போகும், நேரம் தப்பினா பயில்வானும் ஒன்னும் பண்ண முடியாது.

அப்போதான் மெக்சிகோ சிட்டி கதைய சொன்னேன். 1985 செப்டம்பர் 19, பூகம்பம் வந்தது 350 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், கடற்கரைல. ஆனா மெக்சிகோ சிட்டி ஒரு பழைய ஏரி மேல உக்காந்திருக்கற ஊர், அந்த ஏரி மண்ணு ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவன்னு ஆடுச்சு. ரெண்டு மாடி வீடெல்லாம் பெரும்பாலும் தப்பிச்சுது, 1956-ல கட்டி முடிச்ச 44 மாடி லதினோஅமெரிக்கானா டவர் தப்பிச்சுது, ஆறுல இருந்து பதினஞ்சு மாடி வரைக்கும் இருந்ததுதான் நிறைய விழுந்துச்சு. கட்டடம் ஒரு தடவ ஆடிட்டு வர குத்துமதிப்பா மாடிக்கு 0.1 செகண்ட்னு வெச்சா பத்து மாடிக்கு ஒரு செகண்ட்தானே சார், ரெண்டு வரலையேன்னு அதே கணக்குப் பையன் மடக்கினான். கரெக்ட்டுதான், ஆனா மெத்துன்னு இருக்கற மண்ணுல நிக்கறப்போ ஆட்டம் நீளும், விரிசல் விழ விழ இன்னும் நீளும், நீண்டு நீண்டு போய் அந்த ரெண்டு செகண்டுல மாட்டிக்கும். இதை சொல்றதுக்கு எனக்கே ஒரு நிமிஷம் ஆச்சு.

என் தப்பு

மூணாவது வாரம் மொத போட்டி. எட்டு டீம், டீமுக்கு நாலு பேர், மூணு மாடி, மாடிக்கு 100 கிராம் மணல் பாக்கெட் ஒன்னு. ரூல் ஒரே வரி: கட்ச் வேகத்துல யாரு வீடு அதிக நேரம் நிக்குதோ அவங்க வின்னர்.

இந்த ரூல்ல என்ன தப்புன்னு பாத்தீங்கன்னா, குச்சிக்கு கணக்கில்ல, பசைக்கு கணக்கில்ல, உள்ள ஆள் இருக்கணும்னு இல்ல. நாம என்ன அளக்கறோமோ அதைத்தான் பசங்க செய்வாங்க, அவங்க மேல தப்பே இல்ல, அந்த விறகுக்கட்டு டீம்தான் என் கேள்வியை சரியா புரிஞ்சுக்கிட்ட டீம். ஒழுங்கா குறுக்குக்குச்சி போட்டு, ஜன்னல் விட்டு, மாடிப்படி கூட வெச்சு கட்டின ஒரு டீம் பதினோரு செகண்டுல விழுந்துட்டு முகத்தை தொங்கப்போட்டு போனாங்க. எனக்கு அது ரெண்டு நாள் தூக்கத்தை கெடுத்துச்சு.

அதைவிட பெரிய தப்பு ஒன்னு இருந்துச்சு. அசையாம நிக்கறதுதான் நல்ல வீடுன்னு அந்த ரூல் சொல்லுது. பெரிய பூகம்பத்துக்கு சாதாரண வீட்டை யாரும் அப்படி டிசைன் பண்றதில்ல, கட்டுப்படியாகாது. விரிசல் விழலாம், சாயலாம், ரிப்பேருக்கு லாயக்கில்லாம கூட போகலாம், ஆனா உள்ள இருக்கறவங்க வெளிய வர்ற வரைக்கும் தலைமேல விழக்கூடாது. இதை சொல்லிக்குடுக்காம என்னத்த சொல்லிக்குடுத்தேன்.

நாலாவது வாரம் போனதும் பசங்ககிட்ட நேராவே சொன்னேன், போன வாரம் ரூல் போட்டதுல சார் தப்பு பண்ணிட்டேன்னு. விறகுக்கட்டு டீம் பென்சில் பாக்ஸை திருப்பிக் கேப்பேனோன்னு பயந்துட்டாங்க, இல்லடா வெச்சுக்கோங்கன்னேன். அப்புறம் ஆளுக்கொரு சாக்பீஸும் ஒரு துண்டு கட்டுக்கம்பியும் குடுத்து ரெண்டையும் வளைக்கச் சொன்னேன். சாக்பீஸ் கொஞ்ச நேரம் கெத்தா நிக்கும், பட்டுனு உடையும், உடையறதுக்கு முன்னாடி ஒரு சிக்னலும் குடுக்காது. கட்டுக்கம்பி உடனே வளையும், திருப்பி வளைச்சா திருப்பி வளையும், அறுக்கணும்னா பத்திருவது தடவ வளைக்கணும். "எந்த வீட்டுல தூங்குவீங்க?" கம்பி வீடுன்னு எல்லாரும் கத்தினாங்க, ஒருத்தன் மட்டும் "சாக்பீஸ்ல கட்டி உள்ள கம்பி வெச்சா சார்?"ன்னான். அதுக்கு பேருதான் கான்கிரீட்டுடா தம்பின்னேன்.

புது ரூல் இப்படி ஆச்சு: குச்சிக்கு ஒரு ரூபா, மூட்டுக்கு ரெண்டு ரூபா, பட்ஜெட் 150, பசையே கிடையாது. கீழ்த்தளத்துல ஒரு பக்கமாவது பொம்மைக்கார் உள்ள போய் வரணும். கட்ச் வேகத்துல 15 செகண்ட், சாயலாம், வளையலாம், மேல் மாடி கீழ்மாடி மேல உக்காரக்கூடாது. ஆட்டறதுக்கு முன்னாடி எந்த எடம் மொதல்ல போகும்னு சிகப்பு ஸ்கெட்ச்ல மார்க் பண்ணணும், அது சரியா இருந்தா வீடு விழுந்தாலும் பாதி மார்க். என்னைக் கேட்டா இந்த ஆறு வாரத்துல உருப்படியா நான் யோசிச்சது இந்தக் கடைசி ரூல் ஒன்னுதான், ஏன்னா சிகப்பு மார்க் வெக்கணும்னதும் பசங்க வீட்டை பாக்கற விதமே மாறிடுச்சு, "எங்க வீடு சூப்பர்"னு சொன்னவங்க குனிஞ்சு பாத்து "இந்த மூட்டு லூசா இருக்குடி"ன்னு பேச ஆரம்பிச்சாங்க.

பார்க்கிங்

அஞ்சாவது வாரம். எட்டுல அஞ்சு வீடு விழுந்துச்சு, அதுல நாலு ஒரே மாதிரி விழுந்துச்சு. மேல ரெண்டு மாடிக்கும் நல்லா குறுக்குக்குச்சி போட்டிருந்தாங்க, கார் போகணும்னு கீழ மட்டும் வெறும் கால் நாலு. ஆட்ட ஆரம்பிச்சதும் மேல இருக்கறது பெட்டி மாதிரி அப்படியே இருக்கு, ஆட்டம் பூரா அந்த நாலு காலுக்கு வருது, ஒரு பத்து செகண்ட், சரக்குன்னு கீழ்த்தளம் காணாம போய் மேல் ரெண்டு மாடியும் முழுசா தரையில உக்காந்துடுச்சு. பொம்மைக்கார் அடியில.

நான் ஒன்னும் சொல்லாம அதே 2001 குஜராத் பூகம்பத்துல (கட்ச்ல இருக்கற புஜ் ஊர் பேர வெச்சு புஜ் பூகம்பம்னும் சொல்லுவாங்க) அகமதாபாத்ல என்ன ஆச்சுன்னு மட்டும் சொன்னேன். பூகம்பம் வந்த எடத்துல இருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற ஊர், அங்க எழுநூறு பேருக்கு மேல செத்தாங்க, விழுந்த அடுக்குமாடியில நிறைய கீழ பார்க்கிங்குக்காக சுவரே இல்லாம தூண்ல நின்னது, மேல ஃபிளாட்டுல செங்கல் சுவர் இருக்கு, அது ஒரு வகையில குறுக்குக்குச்சி வேலையை பாக்குது, கீழ அது இல்ல.

ஒரு பொண்ணு மெதுவா கைய தூக்கினா. "சார், எங்க அபார்ட்மென்ட்டும் இப்படித்தானே இருக்கு?"

இந்த எடத்துக்கு நான் ரெடியா வரல. ஒன்னும் ஆகாது பாப்பான்னு சொல்றது ஈஸி, அது பொய்யாவும் இருக்கலாம். பார்க்கிங் இருந்தாலே விழும்னு இல்லம்மா, 2002 கோடுல அந்தத் தளத்துத் தூணையும் பீமையும் ரெண்டரை மடங்கு விசைக்கு டிசைன் பண்ணச் சொல்லியிருந்துச்சு, இல்லன்னா சில எடத்துல கான்கிரீட் சுவர் வெக்கச் சொல்லியிருந்துச்சு, அப்படி பண்ணியிருந்தா நிக்கும், உங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல டிராயிங் இருக்கும், அப்பாவ கேக்கச் சொல்லுன்னேன். அவ நோட்டுல எழுதிக்கிட்டா. அவங்க அப்பா என்னைத் திட்டி போன் பண்ணுவாருன்னு நெனச்சேன், பண்ணாரு, ஆனா டிராயிங்ல எதைப் பாக்கணும்னு கேக்கறதுக்கு.

நின்ன மூணுல ரெண்டு டீம் கீழ்க்காலுக்கு மட்டும் மூணு குச்சியை சேத்து கட்டி தடிமனாக்கி, கார் வர்ற பக்கம் விட்டு மிச்ச மூணு பக்கமும் குறுக்கு போட்டிருந்தாங்க. கொஞ்சம் முறுக்கிச்சு, ஆனா நின்னுச்சு. விழுந்ததுல ஒரு டீம் பின்பக்கம் மட்டும் குறுக்கு போட்டுட்டு முன்பக்கம் அப்படியே விட்டிருந்தாங்க, அது விழறப்போ ஜிலேபி மாதிரி சுத்திக்கிட்டே விழுந்துச்சு. ஒரு பக்கம் வெறப்பா ஒரு பக்கம் தொளதொளன்னு இருந்தா என்ன ஆகும்னு நான் தனியா பாடம் எடுக்க வேண்டியதே வரல.

மூணாவது டீம்தான் அன்னிக்கு சண்டைக்கு காரணம். அவங்க வீட்டுக்கு அடியில ஒரு அட்டைப்பலகை, அதுக்கு அடியில பன்னெண்டு கோலிக்குண்டு. மேஜை கட்ச் வேகத்துல உதறுது, கோலி உருளுது, வீடு பாட்டுக்கு மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாம நிக்குது. "சார் போங்காட்டம்! செல்லாது சார்!"ன்னு ஏழு டீமும் எந்திரிச்சுட்டாங்க. 15 செகண்ட் முடிஞ்சு நான் கைய எடுத்தேன், வீடு நிதானமா ஒரு பக்கமா உருண்டு போய் மேஜைய விட்டு கீழ விழுந்துச்சு. ஏழு டீமும் விசிலு.

போங்காட்டம் இல்லடா, நெசமாவே இப்படி கட்டறாங்கன்னு சொன்னா நம்பல. நியூசிலாந்துல பில் ராபின்சன்னு ஒருத்தர், ரப்பரையும் இரும்புத் தகட்டையும் மாத்தி மாத்தி அடுக்கி நடுவுல ஈயத்துல ஒரு தண்டு வெச்சு பில்டிங்குக்கு அடியில வெக்கலாம்னு 1970-கள்ல கண்டுபுடிச்சாரு, வெலிங்டன்ல வில்லியம் கிளேட்டன் பில்டிங் 1981-ல அது மேல வந்துச்சு, புஜ்ல பூகம்பத்துக்கு அப்புறம் புதுசா கட்டின ஆஸ்பத்திரியும் அப்படித்தான் நிக்குது. "அது உருண்டு போகாதா சார்?" அதுக்குத்தான் ரப்பர், போனதை திருப்பி இழுக்கும். உடனே நாலு மூலைக்கும் ரப்பர் பேண்ட் கட்டினாங்க. கட்ச்ல அருமையா நின்னுச்சு. ஒரு விஷமக்காரன் மெட்ரனோம் வேகத்தை கொறைச்சு கொறைச்சு கொண்டு வந்தான், ஒரு எடத்துல வீடு தலை தெறிக்க ஊஞ்சலாட ஆரம்பிச்சுது. ஹேக்ஸா பிளேடு! ரப்பர் கட்டினதால அந்த வீட்டுக்கு புதுசா ஒரு தாளம் வந்துடுச்சு, அந்தத் தாளத்துல ஆட்டினா மாட்டிக்கும். கடைசில பாத்திரம் தேய்க்கற ஸ்பான்ஜை அட்டைக்கு அடியில சொருகினதும்தான் அடங்குச்சு. ராபின்சனோட ஈயத்தண்டு செய்யறதும் இந்த ஸ்பான்ஜ் வேலையைத்தான். இதை நான் பிளான்ல போடவே இல்ல, அரை மணி நேரம் ஓடுச்சு, அதான் ஆறாவது வாரம்.

சிகப்பு மார்க் கணக்கு: மொத போட்டிக்கு அப்புறம் வாய்மொழியா கேட்டப்போ ஒரே ஒரு டீம்தான் எங்க உடையும்னு சரியா சொல்லியிருந்துச்சு. அஞ்சாவது வாரம் அஞ்சு டீம். எட்டு டீமை வெச்சு பெருசா எதையும் நிரூபிக்க முடியாதுதான், ஆனா எனக்கு அது போதும்.

கொக்கி

விழுந்த வீட்டையெல்லாம் பிரிச்சு பாத்தப்போ குச்சி உடைஞ்சது ரொம்ப கம்மி. பெரும்பாலும் மூட்டுதான், ட்யூபுக்குள்ள இருந்து குச்சி உருவிக்கிட்டு வந்திருக்கு. ஒரே ஒரு பொண்ணு மட்டும் ட்யூபை கட்டுக்கம்பியால சுத்தி, கம்பி நுனியை வெளிய விடாம குச்சிகளுக்கு நடுவுல மடக்கி சொருகியிருந்தா. யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டேன். "எங்கப்பா கம்பி கட்டற வேலைதாங்க சார். ரிங்கு இப்படித்தான் மடக்குவாரு." ரிங்குன்னா தூணுக்குள்ள நிக்கற கம்பிகளை சுத்திக் கட்டற கம்பி வளையம்.

அப்பாவ கூட்டிட்டு வரச் சொன்னேன். ஆறாவது சனிக்கிழமை வெள்ளைச்சட்டை போட்டுட்டு வந்தாரு, ஸ்கூல்ல ஏதோ கம்ப்ளெயின்ட்டுன்னு நெனச்சு வந்திருக்காரு பாவம். கட்டுக்கம்பி, பழைய நோட்டு அட்டை, மணல், இதை வெச்சு ஒன்னு பண்ணோம். அட்டையை குழாயா சுருட்டி, ஒட்டாம, கட்டுக்கம்பியில ரிங்கு போட்டு நிக்க வெச்சு உள்ள ஈரமணல் இடிச்சு நிரப்பினோம். ஒரு குழாய்க்கு ரிங்கோட நுனி 90 டிகிரி மடக்கு, நுனி வெளிப்பக்கமா ஓரத்தோட நிக்கும். இன்னொன்னுக்கு 135 டிகிரி, நுனி மணலுக்குள்ள பொதைஞ்சு இருக்கும். ரெண்டு மேலயும் பலகை வெச்சு புத்தகத்தை ஒவ்வொன்னா அடுக்கினோம். மணல் பிதுங்கி அட்டையை வெளிய தள்ளுது, 90 டிகிரி ரிங்கு டப்புனு திறந்து மணல் கொட்டிடுச்சு. 135 திறக்கல, திறக்கணும்னா நுனி மணலை விட்டு வெளிய வரணும், மணல் விடாது. நெசத்தூண்ல கான்கிரீட்டும் இதேதான், வெளிப்பக்க கான்கிரீட் பிஞ்சு போனாலும் உள்ள இருக்கறதை ரிங்கு கட்டிப் புடிச்சிருக்கணும். ஐஎஸ் 13920 கோடு மூணாவது ஸோன்ல இருந்தே இதை கேக்குது, 135 டிகிரி மடக்கு, அதுக்கு அப்புறமும் குறைஞ்சது 65 மில்லிமீட்டர் நுனி.

அவர் ரொம்ப நேரம் கொட்டின மணலையே பாத்துட்டு இருந்தாரு. "இருபது வருசமா கட்டறேனுங்க சார். உள்ள மடக்குன்னு சொல்லுவாங்க, செக்கிங்குக்கு ஆள் வந்தா சொல்லுவாங்க. ஏன்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க."

அந்த ஒருத்தர்ல நானும் இருக்கேன், அண்ணே. அதை வாய்விட்டு சொல்லல. வேலை ஓடணும்னு, சென்ட்ரிங் காத்துக்கிட்டு இருக்குன்னு, பீம் பக்கத்துல கை நுழையலன்னு எத்தனை ரிங்கை பாத்தும் பாக்காம விட்டிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். அவர் பொண்ணு மடக்கின கம்பியை எடுத்து பாத்தாரு, "நுனி பத்தாது கண்ணு, இன்னும் ரெண்டு விரக்கடை விடு"ன்னு சொல்லி புதுசா ஒன்னு மடக்கி குடுத்தாரு. சுத்தி நின்ன பசங்க எல்லாருக்கும் ஆளுக்கொன்னு வேணும்னாங்க. கட்டுக்கம்பி தீர்ற வரைக்கும் மடக்கினாரு.

திங்கக்கிழமை என் சைட்ல முதல் மாடி தூணுக்கு ரிங்கு வெட்டி மடக்கி குவிச்சு வெச்சிருந்தாங்க. ஒன்னை எடுத்தேன், 90. இன்னொன்னு, 90. கம்பி மேஸ்திரியை கூப்ட்டேன். "இத்தனை நாள் ஓகேன்னுதானே சார் சொன்னீங்க, இப்போ என்ன திடீர்னு?" பதில் சொல்றதுக்கு பதிலா போன்ல எடுத்த வீடியோவ காட்டினேன், புத்தகம் ஏற ஏற மணல் கொட்டற வீடியோ, பின்னாடி பசங்க கத்தற சத்தத்தோட. ரெண்டு தடவ பாத்தாரு. மூணாவது தடவ அவரே ஓட்டி நிறுத்திப் பாத்தாரு, ரிங்கு திறக்கற எடத்துல. அப்புறம் ஒன்னும் பேசாம, "டேய், அந்தக் கம்பி மடக்கற சாவியை எடுத்துட்டு வாங்கடா"ன்னு பசங்கள கூப்ட்டாரு.